மதகின் கைப்பிடி யாரிடம் இருக்கிறது?

ஆவணி மாதத்து முகூர்த்த நாள் ஒன்றின் விடியற்காலை. நான்கரை மணி இருக்கும். மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலிருந்து அண்ணாச்சி தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, தராசில் போடுகிற எடை கணக்குப்பிள்ளை மேசைக்கு வரவில்லை. உடனே வா." அதற்கு மேல் பேச அவருக்கு நேரமில்லை. பின்னால் விலை கூவும் சத்தமும் மூட்டை இறக்கும் சத்தமும் கேட்டன.

நான் போய்ச் சேர்ந்தபோது, நிலக்கோட்டையிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் வந்த மல்லிகை மூட்டைகள் கடை வாசலை அடைத்துக்கொண்டு நின்றன. மல்லிகை காத்திருக்கும் சரக்கு இல்லை. மொட்டு விரிவதற்குள் கைமாறியாக வேண்டும். அண்ணாச்சி கடையில் இரண்டு தராசு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கைப்பேசி. எடை போடும் பையன் விவசாயியின் பெயரைத் தேர்ந்து, கிலோவையும் விலையையும் தட்டினால் போதும். உள்ளே இருக்கும் கணினியில் கமிஷன் கழிந்து அவருடைய பற்று வரவில் ஏறிவிடும். நான் எழுதிக் கொடுத்த ஏற்பாடு அது. மூன்று ஆண்டுகள் ஒரு நாளும் நிற்காமல் ஓடியது. அன்று கைப்பேசித் திரையில் ஒரு சிறிய வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. அண்ணாச்சி அலமாரி மேலிருந்த பழைய சிட்டைப் புத்தகத்தை இறக்கி, கார்பன் தாளை வைத்து எழுதத் தொடங்கியிருந்தார். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

காரணம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. கைப்பேசிக்கும் கணினிக்கும் நடுவே கணக்கைக் கொண்டுசெல்ல, ஒரு பெரிய நிறுவனம் இலவசமாகக் கொடுத்த தளத்தைப் பயன்படுத்தியிருந்தேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இலவசச் சேவையை அவர்கள் முந்தைய நள்ளிரவோடு நிறுத்திவிட்டார்கள். முப்பது நாள் முன்பே மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள். விளம்பர அஞ்சல்களுக்கு நடுவே கிடந்ததை நான் பார்க்கவில்லை. அது என் தவறுதான். ஆனால் என்னை அன்று முழுவதும் அரித்தது வேறு ஒன்று. அந்தத் தளத்தை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அது ஓப்பன் சோர்ஸ் என்பது. நிரல் முழுவதும் என் கணினியில் இருந்தது. ஒவ்வொரு வரியையும் படிக்கலாம், திருத்தலாம், விற்கலாம். உரிமம் எதையும் தடுக்கவில்லை. அந்த நிரல் செய்ததெல்லாம் அந்த நிறுவனத்தின் சர்வரைக் கூப்பிடுவதுதான். சர்வருக்குள் ஓடியதை யாருக்கும் அவர்கள் தந்ததில்லை. கதவு திறந்திருக்கிறது என்று நம்பி வாசலில் நின்றிருக்கிறேன். வீடு வேறு தெருவில் இருந்தது.

போன மாதம் நகருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் பேசப் போனபோது, மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் தான் படிக்கும் நிரல்மொழியைப் பற்றிக் கேட்டார்: "சார், இது ஓப்பன் சோர்ஸ் மொழிதானே, பெரிய கம்பெனியே நடத்துகிறது, அப்புறம் என்ன பயம்?" நேரம் முடிந்துவிட்டதால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அவருக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் அப்பாவின் ஊர் மேலூருக்குக் கிழக்கே. அங்கே வயலுக்கு இரண்டு வழியாகத் தண்ணீர் வரும். ஒன்று ஊர்க் கண்மாய். மழை பெய்தால் நிறையும். நிறைந்து மீறினால் கலுங்கு வழியாக மறுகால் பாயும். மடையைத் திறப்பதும் அடைப்பதும் நீர்பாய்ச்சியின் வேலை. அவரை ஊர் கூடி வைக்கும். அறுவடையின்போது நெல்லாகக் கூலி கொடுக்கும். முறை தவறினால் ஊர்க் கூட்டத்தில் நிறுத்திக் கேட்கும். இன்னொன்று பெரியாற்றுத் தண்ணீர். 1895-ல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிந்த பிறகு மேற்கே திரும்பிப் போன ஆறு கிழக்கே வந்தது. எங்கள் வட்டாரமே அதனால்தான் பசுமை கண்டது. பென்னிகுவிக் படம் இல்லாத வீடு அந்தப் பக்கம் குறைவு. கள்ளந்திரி வரை இருபோகம், அதற்குக் கீழே மேலூர்ப் பகுதியில் 85,563 ஏக்கருக்கு ஒருபோகம். வைகை அணையின் நீர்மட்டத்தைப் பார்த்து, திறக்கலாம் என்று அரசாணை வர வேண்டும். கால்வாய் எங்கள் வயல் ஓரமாகத்தான் போகிறது. வேலி கிடையாது. இறங்கிக் குளிக்கலாம், மாட்டைக் கழுவலாம். ஆனால் மதகின் ஷட்டரைச் சுழற்றும் இரும்புக் கைப்பிடி மதகில் இருக்காது. அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். சிறுவனாக இருந்தபோது கைப்பிடி இல்லாத அந்தத் தண்டைப் பிடித்துத் திருகிப் பார்த்திருக்கிறேன். உள்ளங்கையில் துருவும் கிரீஸும் ஒட்டியதுதான் மிச்சம்.

கண்மாயில் எல்லோரும் சமமாக இருந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. தலைமடைக்காரருக்கு ஒரு நியாயமும் கடைமடைக்காரருக்கு ஒரு நியாயமுமாகத்தான் பல காலம் போனது. சாதியும் அதில் கலந்திருந்தது. ஆனாலும் யாரிடம் போய்ச் சண்டை போட வேண்டும் என்பது அங்கே தெரியும். அவர் அதே ஊரில் இருப்பார்.

நிரல்மொழிகளுக்கு வருகிறேன். ஜாவாவின் கதையை நம் மாணவர்களுக்கு யாரும் முழுதாகச் சொல்வதில்லை. 1995-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை வெளியிட்டது. 2006 நவம்பரில், ஜாவாவைக் கட்டற்ற உரிமத்தில் தருவதாக அறிவித்தது. அதற்கு முன்பே, 2005-ல், கட்டற்ற மென்பொருள் எழுதும் அப்பாச்சி அறக்கட்டளைக்காரர்கள் ஹார்மனி என்ற பெயரில் ஜாவாவைத் தாங்களாகவே புதிதாக எழுதத் தொடங்கியிருந்தார்கள். எழுதுவதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் அது ஜாவாதான் என்று சொல்லிக்கொள்ள, சன் வைத்திருந்த சோதனைத் தொகுப்பில் தேர வேண்டும். அந்தத் தொகுப்பைச் சன் நிபந்தனையோடுதான் தர முன்வந்தது: எந்தெந்தக் கருவிகளில் பயன்படுத்தலாம் என்பதற்கு ஒரு வரம்பு. வரம்பை ஏற்றால் அது கட்டற்ற மென்பொருளாக இருக்க முடியாது என்று அப்பாச்சி மறுத்தது. பல ஆண்டுகள் இழுபறி. 2010 ஜனவரியில் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கி முடித்தது, நிபந்தனை மாறவில்லை. அந்த டிசம்பரில், ஜாவாவின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் செயற்குழுவிலிருந்து அப்பாச்சி வெளியேறியது. அடுத்த ஆண்டு ஹார்மனியை மூடிவிட்டார்கள்.

அதே 2010 ஆகஸ்டில் ஆரக்கிள் கூகுள் மீது வழக்குப் போட்டது. ஆண்ட்ராய்டுக்காகக் கூகுள் எடுத்துக்கொண்ட ஜாவாவின் அறிவிப்பு வரிகள், சுமார் 11,500, முக்கியமாக அந்த வழக்கில் பேசப்பட்டவை. ஒரு கட்டளையின் பெயர் என்ன, அதற்கு எதைக் கொடுக்க வேண்டும், அது எதைத் திருப்பித் தரும் என்று சொல்லும் வரிகள் அவை. வழக்கு 2021 ஏப்ரல் 5-ம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் கூகுளுக்குச் சாதகமாக முடிந்தது. அது நியாயமான பயன்பாடு என்றது நீதிமன்றம். அந்த வரிகளுக்குப் பதிப்புரிமை உண்டா இல்லையா என்ற அடிப்படைக் கேள்வியைத் தொடாமலே விட்டுவிட்டது. பத்தாண்டுக்கு மேல் வழக்காடக் கூகுளிடம் பணம் இருந்தது. கீழமாசி வீதியில் பலசரக்கு மண்டிக்கு மென்பொருள் எழுதும் நம்மில் ஒருவரிடம் அந்த நோட்டீஸ் வந்திருந்தால், மறுநாளே கடையைச் சாத்தியிருப்போம்.

பெயரின் பலத்தைக் காட்டும் இன்னொரு நிகழ்ச்சி. பெரிய நிறுவனங்களின் சர்வர்களில் ஓடும் ஜாவா ஈஈ என்ற பகுதியை 2017-ல் எக்லிப்ஸ் என்ற மென்பொருள் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட ஆரக்கிள் முடிவு செய்தது. நல்ல செய்திதான். ஆனால் ஜாவா என்ற வணிகப் பெயர் கொடையில் சேரவில்லை. அதனால் அதற்கு ஜகார்த்தா என்று புதுப்பெயர் வைத்தார்கள். அத்தோடு முடியவில்லை. நிரலின் தலைப்பு வரிகளில் வரும் 'ஜாவாஎக்ஸ்' என்ற முன்னொட்டின் கீழ் இனி எதையும் மாற்றவோ வளர்க்கவோ கூடாது என்று ஆனது. 2020-ல் வந்த ஒன்பதாம் பதிப்பில் அத்தனை முன்னொட்டுகளையும் 'ஜகார்த்தா' என்று மாற்றினார்கள். உலகம் முழுவதும் அதைப் பின்பற்றியவர்கள் தங்கள் கோப்புகளைத் திறந்து ஒரு சொல்லை எடுத்து இன்னொரு சொல்லை வைத்தார்கள். நிரலைக் கொடுத்தார்கள், பெயரைக் கொடுக்கவில்லை. நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வரப்பைத் தன் பெயரில் வைத்துக்கொள்வது போன்றது இது.

கோ மொழியைப் பற்றிச் சொல்லும்போது நான் நியாயமாக இருக்க வேண்டும். நான் அன்றாடம் எழுதும் மொழி அது, பிடித்தும் இருக்கிறது. ராபர்ட் கிரீஸ்மர், ராப் பைக், கென் தாம்சன் மூவரும் கூகுளுக்குள் உருவாக்கி 2009 நவம்பரில் வெளியிட்டார்கள். உரிமம் தாராளமானது. 2019-ல் பிழைகளைக் கையாள 'ட்ரை' என்ற புதிய வசதியைச் சேர்க்க யோசனை வைத்தார்கள். பயன்படுத்துவோர் கடுமையாக எதிர்த்ததும் சில வாரங்களில் திரும்பப் பெற்றார்கள். 2023 தொடக்கத்தில், மொழியின் கருவிகள் எப்படிப் பயன்படுகின்றன என்ற தகவலைத் தானாகவே சேகரித்துக் கூகுளுக்கு அனுப்பும் திட்டம் வந்தது. வேண்டாதவர் நிறுத்திக்கொள்ளலாம் என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியது. விரும்புகிறவர் மட்டும் இயக்கிக்கொள்ளலாம் என்று மாற்றினார்கள். இரண்டு முறையும் காது கொடுத்துக் கேட்டார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் கேட்பதா வேண்டாமா என்பதும் அவர்கள் கையில்தான் இருந்தது. 2019 செப்டம்பரில் வந்த பதிப்பிலிருந்து, நாம் வெளியிலிருந்து எடுக்கும் நிரல்தொகுப்புகள் கூகுளின் சர்வர் வழியாக வருவதே இயல்பான ஏற்பாடு. ஓர் அமைப்பை மாற்றினால் அதைத் தவிர்க்கலாம். அப்படி ஓர் அமைப்பு இருப்பதே நான் கேட்ட மாணவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. நல்ல ஜமீன்தாருக்குக் கீழே குடியிருப்பவருக்கும் நிலம் சொந்தம் இல்லை.

செயலிகள் எழுத உதவும் டாட்நெட் தளத்தின் கதை சின்னது. 2014 நவம்பரில் மைக்ரோசாப்ட் அதைத் திறந்தது. அதற்கென ஓர் அறக்கட்டளையும் வைத்தது. 2021 அக்டோபரில், நிரலை நிறுத்தாமலே திருத்தம் செய்யும் ஒரு வசதியைப் பொதுவான கருவியிலிருந்து எடுத்துவிட்டு, தன் விற்பனைப் பொருளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளப் பார்த்தது. வெளியார் கூச்சலிட்டதும் சில நாட்களில் திருப்பி வைத்தது. அறக்கட்டளை இருக்கும்போதே அந்த முடிவு எடுக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

ஆண்ட்ராய்டு நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. அதன் அடிப்படை நிரல் எல்லோருக்கும் கிடைக்கும். வரைபடம், அறிவிப்பு, பணம் கட்டுவது என்று செயலிகள் நம்பியிருக்கும் பல வசதிகள் பிளே சர்வீசஸ் என்ற மூடிய பகுதிக்குள் போய்விட்டன. 2025 மார்ச்சில், இனி ஆண்ட்ராய்டின் வளர்ச்சி வேலைகள் முழுவதும் நிறுவனத்துக்கு உள்ளேயே நடக்கும், பதிப்பு முடிந்த பிறகு நிரல் வெளிவரும் என்று கூகுள் அறிவித்தது. சமைத்து இறக்கிய பிறகு சாப்பிடக் கூப்பிடுவார்கள். அடுப்படிக்குள் இனி இடமில்லை.

இனி என்னுடைய இன்னொரு அனுபவம். இதையும் பெயர் சொல்லாமல் சொல்கிறேன். அண்ணாச்சி கடையில் ஒரு விவசாயி, தன் கணக்கில் பணம் குறைகிறது என்றார். கணக்குப்பிள்ளை பார்த்தார், சரியாக இருந்தது. அவர் விடவில்லை. மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தோம். அவர் பெயரில் இரண்டு கணக்குகள் இருந்தன. திரையில் இரண்டும் எழுத்துப் பிசகாமல் ஒன்றுபோலவே தெரிந்தன. ஒன்றில் 11,000 சொச்சம், இன்னொன்றில் 4,200.

மேலூர்ப் பக்கம் 'சோலை' என்று தொடங்கும் பெயர்கள் நிறைய. 'சோ' என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'ச'வோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒரு விதம். 'ச'வோடு இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொரு விதம். யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம். ஒரு தராசிலிருந்த கைப்பேசியின் விசைப்பலகை முதல் விதத்திலும், மற்றது இரண்டாம் விதத்திலும் எழுதியிருக்கின்றன. தளத்தின் தேடுபெட்டி இரண்டையும் சமமாகப் பார்க்கவில்லை. தேடிக் கிடைக்காததால் பையன் புதுக் கணக்குத் தொடங்கியிருக்கிறான். கொ, கோ, கௌ என்று தமிழில் இப்படிப் பிளவுபடும் எழுத்துகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

என் செயலியில் அன்று மாலையே சரிசெய்துவிட்டேன். ஆனால் சரியாக வேண்டிய இடம் தளத்தின் தேடுபெட்டி. அங்கே சரியானால் தமிழில் எழுதப்படும் எல்லாச் செயலிகளுக்கும் போய்ச் சேரும். எட்டு வரித் திருத்தம், அதைச் சரிபார்க்க முப்பது வரிச் சோதனை. அனுப்பினேன். முதலில் சட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டார்கள், போட்டேன். ஒருவர் வந்து நன்றி சொன்னார். பிறகு பதினான்கு மாதம் மௌனம். ஒருநாள் தானியங்கி ஒன்று, நீண்ட நாள் அசைவில்லாததால் இது மூடப்படுகிறது என்று எழுதி மூடிவிட்டது. திருத்தம் தவறென்று எந்த மனிதரும் சொல்லவில்லை. அங்கே இருப்பவர்களைக் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் சம்பளம் வாங்குவது வேறு வேலைக்கு. மேலூர் விவசாயியின் பெயர் அந்த வேலையில் இல்லை.

"பிடிக்கவில்லை என்றால் நிரலைப் பிரித்துக்கொண்டு போய் நீங்களே நடத்துங்கள், அதற்குத்தானே உரிமம்" என்று சொல்வார்கள். அந்த உரிமை பெரிது. நான் அதைக் குறைத்துப் பேசமாட்டேன். 2010-ல் ஓப்பன் ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளிலிருந்து பிரிந்த லிபர் ஆபீஸ் இன்று நம் அரசு அலுவலகங்களில்கூட ஓடுகிறது. 2023 ஆகஸ்டில், சர்வர்களை அமைக்கும் கருவியான டெராஃபார்ம் தன் உரிமத்தை இறுக்கியதும் அதிலிருந்து பிரிந்து ஓப்பன்டோஃபு பிறந்தது. 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற தரவுத்தளம் இறுக்கியதும் வால்கீ பிறந்தது. ஆனால் வால்கீயின் பின்னால் நின்றவர்கள் அமேசான், கூகுள், ஆரக்கிள் போன்றவர்கள். பிரித்துக்கொண்டு போன பிறகு ஒவ்வொரு வாரமும் பாதுகாப்புத் திருத்தம் போட ஆள் வேண்டும், அவர்களுக்குச் சம்பளம் வேண்டும். அண்ணா நகரில் ஒரு மாடியறையில் நான்கு பேர் உட்கார்ந்து வேலை செய்யும் எங்களால் ஒரு நிரல்மொழியைத் தூக்கிச் சுமக்க முடியுமா? வழக்காடும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்பது போன்றதுதான் இதுவும்.

அதனால் எதையாவது தேர்ந்தெடுக்கும்போது உரிமத்தைப் படித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறேன்: முடிவு யார் எடுக்கிறார்கள், அவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் சம்பளம் வாங்குகிறார்களா? போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் மேல் எனக்கு மதிப்பு வந்தது இப்படித்தான். அதன் மையக் குழுவில் பாதிக்கு மேல் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இருக்கக் கூடாது என்று நெடுநாளாக எழுதாத விதி ஒன்று உண்டு. 2020-ல் ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கியதில், ஐவரில் மூவர் ஒரே நிறுவனத்துக்காரர் ஆகிவிட்டார்கள். யாரும் தவறு செய்யவில்லை. இருந்தாலும் வெளியிலிருந்து இருவரைச் சேர்த்துக் குழுவை ஏழாக்கினார்கள். எழுதாத விதியை இப்படி மதிக்கிறவர்களிடம் என் வாடிக்கையாளரின் கணக்கை நம்பி வைக்கலாம்.

என் வாதத்துக்கு இடிக்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எஸ்கியூலைட் நம் எல்லோர் கைப்பேசியிலும் இருக்கும் சிறு தரவுத்தளம். ரிச்சர்ட் ஹிப் 2000-ல் தொடங்கியது. யாருக்கும் உரிமையில்லாமல் பொதுச்சொத்தாக விட்டுவிட்டார். ஆனால் வெளியாரின் திருத்தங்களை அவர்கள் ஏற்பதில்லை என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். நான் கேட்கும் கேள்விப்படி அது தேறக் கூடாது. இருந்தும் அதை முழுமனதோடு நம்புகிறேன். 2050 வரை பராமரிக்க எண்ணியிருப்பதாகச் சொல்கிறார்கள். கோப்பின் அமைப்பு முழுவதும் எழுதப்பட்டு வெளியில் இருக்கிறது. அது யார் சர்வரையும் கூப்பிடுவதில்லை. செய்யாததைச் செய்வதாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. இந்த இடத்தில் என் அளவுகோல் போதவில்லை என்று தெரிகிறது. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பூக்கடை ஏற்பாட்டை இரண்டு வாரத்தில் திருப்பி எழுதினோம். இப்போது தராசுக் கைப்பேசி கடைக்குள்ளேயே இருக்கும் பெட்டிக் கணினியோடு பேசுகிறது. இணையம் போனாலும் கணக்கு நிற்காது. கடை கட்டும்போது அன்றைய பற்று வரவு முழுவதும் எந்தக் கணினியிலும் திறக்கும் சாதாரணக் கோப்பாகவும், ஒரு தாளில் அச்சாகவும் வருகிறது. தாள் அண்ணாச்சி கேட்டது. "தம்பி, நீயும் இல்லாமல் போனால்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நிரலின் பிரதியையும் அவர் பெயரில் ஒரு பென்டிரைவில் கொடுத்திருக்கிறேன். அதை அவர் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

'சோ' திருத்தத்தை, எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத, பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து நடத்தும் இன்னொரு தேடல் நிரலுக்கு அனுப்பினேன். மறுநாளே ஒருவர் குறை சொன்னார்: தமிழுக்கு மட்டும் செய்தால் எப்படி, மலையாளத்திலும் வங்காளத்திலும் இதே பிளவு இருக்கிறதே என்றார். அவர் சொன்னது சரி. எட்டு வரி இருபதானது. இரண்டு பேர் என் சோதனையில் ஓர் ஓட்டையைக் காட்டினார்கள். ஒருநாள் காரசாரமாக விவாதம் நடந்தது. பத்தொன்பதாம் நாள் சேர்த்துக்கொண்டார்கள். போன செவ்வாய்க்கிழமை அண்ணாச்சி கடைக்கும் அந்தப் பதிப்பைப் போட்டேன். எடை போடும் பையன் இரண்டு கைப்பேசியிலும் 'சோலை' என்று தட்டினான். இரண்டிலும் ஒரே ஆள், ஒரே பாக்கி.